கடனும் கொடையும்: பிளாச்சிமடாவிலும் அகளியிலும் பெருநிறுவனப் பொறுப்பின் வரலாறு

பாலக்காடு மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றில் ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு தொகைகள் இடம்பெறுகின்றன. முதலாவது 219 கோடி ரூபாய். அட்டப்பாடியின் வறண்டுபோன மலைச்சரிவுகளை மீட்பதற்காக 1996இல் ஜப்பானிடமிருந்து பெற்ற கடனுதவியை அடிப்படையாகக் கொண்ட திட்டத்தின் மதிப்பு அது. அகளியைத் தலைமையிடமாகக் கொண்ட அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம், அதாவது 'அஹாட்ஸ்', அதனைச் செலவிட்டது. இரண்டாவது 216.26 கோடி ரூபாய். அதே மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடாவில், கோகோ கோலா ஆலையால் மக்களுக்கும் மண்ணுக்கும் நீருக்கும் நேர்ந்த இழப்பென்று கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் மதிப்பிட்ட தொகை அது. முதல் தொகை செலவாயிற்று. இரண்டாவது தொகை இன்றுவரை உரியவர்களைச் சென்றடையவில்லை.

இந்த இடைக்காலத்தில்தான் 'பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு' என்ற தொடர் இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஏறியது. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளோடு நிலைத்த வளர்ச்சி அறிக்கைகளும் அச்சேறத் தொடங்கின. அவற்றை எழுதவும் அளக்கவும் சான்றளிக்கவும் ஆலோசனை நிறுவனங்கள் தனித் துறைகளையே உருவாக்கிக்கொண்டன. பொறுப்பைப் பற்றிய பேச்சு இவ்வளவு பெருகிய அதே காலத்தில் பிளாச்சிமடாவின் இழப்பீடு ஏன் ஓரங்குலமும் நகரவில்லை என்பது வரலாற்று மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. பழந்தமிழில் 'கடன்' என்ற சொல் திருப்பித் தர வேண்டியதையும் செய்தே தீர வேண்டிய கடமையையும் சேர்த்தே குறித்தது. 'கொடை' என்பது வேறு. அது கொடுப்பவரின் விருப்பம். அதற்குக் கணக்குக் கேட்க வாங்குபவருக்கு உரிமை கிடையாது. பிளாச்சிமடாவின் கதை, கடனாகக் கேட்கப்பட்டது கொடையாகத் திரும்பி வந்த கதை.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குவாய், கேரளம் பற்றிய பொதுவான சித்திரத்தில் அடங்காத நிலம். மேற்கே பெய்யும் மழையில் ஒரு பகுதியே இங்கே கிடைக்கும். கரிசலும் பனையும் கலந்த இந்நிலப்பரப்பு பொள்ளாச்சியின் தொடர்ச்சியாகவே தோன்றும். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் பங்கீட்டு நீரும் கிணறுகளுமே வேளாண்மைக்கு ஆதாரம். பேச்சு மொழியிலும் தமிழ் மிகுதி. பிளாச்சிமடா என்னும் பெயரின் பின்பாதிகூடத் தமிழ்ச் செவிக்கு 'மடை' என்றே கேட்கும். ஆலை வாயிலுக்கு எதிரேயுள்ள விஜயநகர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் எரவாளர், மலசர் பழங்குடியினர். சொந்த நிலம் அற்றவர்கள். அண்டைத் தோட்டங்களிலும் வயல்களிலும் கூலி வேலை செய்தவர்கள்.

இந்துஸ்தான் கோகோ கோலா பீவரேஜஸ் நிறுவனம் 1999 அக்டோபரில் பெருமாட்டி ஊராட்சியிடம் விண்ணப்பித்தது. 2000 ஜனவரியில் உரிமம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் ஆலை இயங்கத் தொடங்கியது. முன்பு பயிர் விளைந்த ஏறத்தாழ 34 ஏக்கர் நிலத்தில் ஆறு ஆழ்துளைக் கிணறுகள் உட்பட நீரெடுப்பு ஏற்பாடுகள் அமைந்தன. நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் என்பது பின்னர் வழக்குகளில் நிலைபெற்ற எண். எடுக்கப்பட்டது அதனினும் பன்மடங்கு என்பது மக்களின் குற்றச்சாட்டு. வேலைவாய்ப்பும் ஊராட்சிக்கு வரியும் வரும் என்ற நம்பிக்கையில் அன்று எல்லாக் கட்சிகளும் ஆலையை வரவேற்றன. உரிமம் வழங்கிய அதே ஊராட்சிதான் பின்னாளில் எதிர்வழக்காடியது என்பதை, அதனைத் தொடக்கத்திலிருந்தே வீரஞ்செறிந்ததாக வரைந்துகாட்டும் எழுத்துகள் மறைத்துவிடுகின்றன.

ஆலையிலிருந்து ஊருக்குக் கிடைத்த முதல் கொடை, கழிவுச் சேறு. கழுவுதலுக்கும் சுத்திகரிப்புக்கும் பின் எஞ்சிய அச்சேறு உரம் என்று சொல்லி விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அவர்களும் தென்னைக்கும் வயலுக்கும் இட்டார்கள். 2003இல் பி.பி.சி. வானொலியின் 'ஃபேஸ் த ஃபேக்ட்ஸ்' நிகழ்ச்சிக் குழு அதன் மாதிரியை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு உட்படுத்தியபோது காட்மியமும் ஈயமும் இருப்பது தெரியவந்தது. கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அவ்வாண்டே மாதிரிகளை ஆராய்ந்தது. சேற்றை உரமாகக் கொடுப்பது நின்றது. நிறுவனம் ஒரு பொருளை ஊருக்கு நன்மையாக வழங்க, ஊர் அதனை நம்பிப் பெற, அதன் உட்கூறு பிறரால் பின்னர் கண்டறியப்பட்ட இந்நிகழ்வு, கொடையில் கணக்குக் கேட்கும் உரிமை இல்லாமற்போவதன் விளைவுக்கு நேரடிச் சான்று.

நீரைப் பற்றிய முறையீடு அதற்கும் முன்பே எழுந்தது. ஆலை தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் கிணற்று நீர் கடினமாகி உவர்த்துவிட்டது. சோறும் பருப்பும் வேகவில்லை. குளித்தால் உடல் அரிக்கிறது. குடித்தால் வயிறு வலிக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். இவை ஆய்வகச் சொற்கள் அல்ல. ஆனால் 2003இல் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையமே அந்நீர் குடிக்கத் தகாதது என்று அறிவித்தபோது அடுப்படியின் அளவையும் அரசின் அளவையும் ஒன்றுபட்டன. குடிநீருக்காகப் பல கிலோமீட்டர் நடந்த பெண்களின் நாட்கூலி போயிற்று. இந்தக் கூலியிழப்பைப் பின்னாளில் ஓர் அரசுக் குழு தனித் தலைப்பில் கணக்கிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே பந்தல் போடப்பட்டது. ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு போராட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்தப் பந்தலின் முகமாக நிலைத்தவர் எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா. பள்ளிப் படிப்பு இல்லாதவர், கூலித் தொழிலாளி, தமிழ் பேசியவர். தம் வீட்டுக் கிணறு கெட்டதை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர். அவர் 2007 ஜனவரியில் மறைந்தார். பெரிய கட்சிகள் பந்தலுக்கு வந்துசேரக் காலம் பிடித்தது. ஆலையில் வேலை பெற்ற உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் பந்தலில் அமர்ந்தவர்களுக்கும் இடையே கசப்பு நிலவியது. அக்கசப்பை மறைத்து எழுதுவது வரலாறாகாது. வேலையும் நீரும் ஒரே வாயிலின் இருபுறத்தில் நின்றன.

2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அப்போது ஊராட்சித் தலைவர் ஏ. கிருஷ்ணன். வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பு இந்திய நீர்ச்சட்ட வரலாற்றில் தனியிடம் பெற்றது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்ற பொது நம்பிக்கைக் கோட்பாட்டை அவர் கையாண்டார். ஆலையை மூட ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை, ஆயினும் நிலத்தடி நீரை விடுத்து வேறு நீராதாரத்தைத் தேடிக்கொள்ளும்படி சொல்லலாம் என்றார். நிறுவனம் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதற்கு அவர் கண்ட அளவுகோல் கூர்ந்து நோக்கத்தக்கது. அந்த 34 ஏக்கரில் ஒரு நிலவுடைமையாளர் பயிர்செய்தால் எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவு. அண்டைவீட்டுக்காரராக எடுத்துக்கொள், ஆலையாக எடுக்காதே என்பதே அதன் பொருள்.

மேல்முறையீட்டில் இவ்வளவுகோல் மாறியது. கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையத்தின் தலைமையிலான வல்லுநர் குழுவை நீதிமன்றம் நியமித்தது. மழை இயல்பாகப் பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுப்பதால் பாதகம் இல்லை என்று அக்குழு கூறியது. 2005 ஏப்ரல் 7 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதனை ஏற்று, தடைசெய்யும் சட்டம் ஏதும் இல்லாதவரை நிலவுடைமையாளருக்குத் தன் நிலத்தடி நீரை எடுக்க உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. வல்லுநர் குழு பொய் சொன்னது என்று வாதிடத் தேவையில்லை. 2000க்குப் பின் வந்த ஆண்டுகளில் மழை பொய்த்தது உண்மை. நீர் குறைந்ததற்கு அதுவே காரணம் என்று நிறுவனம் தொடர்ந்து வாதிட்டது. தன் ஆலையால் கேடு விளைந்தது என்பதை அது எக்காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் 'இயல்பான மழையாண்டு' என்ற நிபந்தனை மழைமறைவு நிலத்தில் எத்தனை ஆண்டுகளுக்குப் பொருந்தும்? சராசரியில் நீர் இருக்கிறது. கிணற்றில் இல்லை. அந்த 2005ஆம் ஆண்டிலேயே சித்தூர் வட்டாரத்தை நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்ட பகுதியாகக் கேரள அரசு அறிவித்தது.

தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தும் ஆலை இயங்கவில்லை. வறட்சியைக் காரணங்காட்டி 2004 பிப்ரவரியில் மாநில அரசு நீரெடுப்பைத் தடுத்தது. மார்ச்சில் ஆலை நின்றது. அதற்குச் சற்று முன்பு, 2004 ஜனவரியில், பிளாச்சிமடாவில் உலக நீர் மாநாடு கூடியது. வந்தனா சிவா, கனடாவின் மாட் பார்லோ, பிரான்ஸின் ஜோசே போவே ஆகியோர் வந்தனர். எம்.பி. வீரேந்திரகுமாரும் அவர் தலைமையிலான 'மாத்ருபூமி' நாளிதழும் இதற்குப் பெருந்துணை. ஒரு பழங்குடிக் குடியிருப்பின் கிணறு அட்லாண்டாவிலுள்ள நிறுவனத் தலைமையகத்தின் கவலையாக மாறியது இதன்பிறகே.

தொழிலதிபரின் சமூகப் பொறுப்பு என்ற கருத்து அதற்கு அரை நூற்றாண்டு முந்தையது. அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953இல் அப்பொருளில் ஒரு நூல் எழுதினார். இலாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் மறுத்தார். 1987இல் புருண்ட்லாந்து ஆணையம் நிலைத்த வளர்ச்சியை உலக வழக்காக்கியது. இவை சிந்தனை வரலாறு. இவற்றை நிறுவனங்கள் அன்றாட நிர்வாகமாக மாற்றிக்கொண்டது பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஊரில் அவமானப்பட்ட பிறகுதான். கோகோ கோலாவின் நீர்க்கொள்கைக்குப் பின்னால் இருந்த ஊர்களுள் முதன்மையானது பிளாச்சிமடா.

அமெரிக்க மாணவர்களின் கிளர்ச்சியால் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2006 ஜனவரி முதல் அந்நிறுவனப் பானங்களை வாங்குவதை நிறுத்திவைத்தது. இந்திய ஆலைகளைச் சுதந்திரமான ஓர் அமைப்பு மதிப்பிட நிறுவனம் இசைந்ததும் ஏப்ரலில் கொள்முதல் மீண்டும் தொடங்கியது. மதிப்பீட்டை டெல்லியின் 'டெரி' மேற்கொண்டது. அறிக்கை 2008 ஜனவரியில் வெளிவந்தது. அதனை வெறும் வெள்ளையடிப்பு என்று ஒதுக்குவது நேர்மையாகாது. ராஜஸ்தானின் காலாதேராவில் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்படுகிறது, எனவே வெளியிலிருந்து நீர் கொண்டுவருவது, ஆலையை இடம்பெயர்ப்பது, மூடிவிடுவது ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அது வெளிப்படையாகவே எழுதியது. காலாதேரா ஆலை 2016இல்தான் நின்றது என்பது வேறு செய்தி. அறிக்கையின் எல்லையை வகுத்த விதம்தான் இங்கே முக்கியம். இயங்கிக்கொண்டிருந்த ஆறு ஆலைகள் ஆராயப்பட்டன. சென்னைக்கு அருகிலுள்ள நேமம் அவற்றுள் ஒன்று. பிளாச்சிமடா அவற்றுள் இல்லை. கேள்வி பிறந்த ஊர் விடையின் வரைபடத்துக்கு வெளியே நின்றுபோயிற்று. ஆலோசனைத் தொழிலின் இயல்பு இது. மதிப்பிடுபவர் எவ்வளவு நேர்மையாளராக இருப்பினும், எதை மதிப்பிடுவது என்பதைப் பணி ஒப்பந்தம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

2007 ஜூனில் நிறுவனத் தலைவர் நெவில் இஸ்டெல், உலக இயற்கை நிதியத்தின் பெய்ஜிங் கூட்டத்தில் ஓர் உறுதிமொழி அளித்தார். பானங்களிலும் உற்பத்தியிலும் பயன்படுத்தும் ஒவ்வொரு துளி நீரையும் இயற்கைக்குத் திருப்பியளிப்போம் என்பதே அதன் சாரம். 2004இல் ஒரு லிட்டர் பானத்துக்கு ஏறத்தாழ 2.7 லிட்டர் நீர் செலவானது. அது படிப்படியாக இரண்டு லிட்டருக்குக் குறைந்தது. இதைப் பாராட்டலாம். 2016இல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: முந்தைய ஆண்டில் 19,190 கோடி லிட்டர் நீரைச் சமூக, நீர்ப்பிடிப்புத் திட்டங்களின் வழியே திருப்பியளித்தாயிற்று, இது உலகெங்கும் விற்ற பானங்களில் அடங்கிய நீரில் 115 விழுக்காடு. கணக்கிடும் முறையை வகுப்பதில் லிம்னோடெக் என்ற நீரியல் ஆலோசனை நிறுவனமும் சரிபார்ப்பதில் டெலாய்ட் நிறுவனமும் பங்கேற்றன.

இக்கணக்கின் அலகு உலகம். ஓரிடத்தில் எடுத்த நீருக்கு வேறோர் இடத்தில் நட்ட மரமோ வெட்டிய குளமோ ஈடாக வரவு வைக்கப்படும். பணத்தில் இது செல்லும். பெருமாட்டியில் எடுத்த பத்து ரூபாயை பெய்ஜிங்கில் திருப்பிக் கொடுத்தால் பேரேடு நேராகிவிடும். நீரில் செல்லாது. ஒரு கிணற்றின் ஊற்று வேறொரு நாட்டின் ஆற்றால் நிரம்பாது. மேலும், 115 விழுக்காடு என்பது புட்டிக்குள் இருக்கும் நீரோடு ஒப்பிட்ட அளவு. புட்டிக்குள் கரையும் சர்க்கரைக்காகக் கரும்பு குடித்த நீர் அதில் அடங்காது. இவை இரண்டும் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் குறைகள். அதிகம் கவனிக்கப்படாத மூன்றாவது குறை ஒன்று உண்டு. திருப்பியளிக்கும் கணக்கு ஓராண்டில் எடுத்த நீரை அந்த ஆண்டில் அளித்த நீரோடு ஒப்பிடுகிறது. 2004க்குப் பின் பிளாச்சிமடாவில் எடுக்கப்பட்ட நீர் சுழியம். ஆகவே இக்கணக்கின்படி அங்கே திருப்பித் தர வேண்டியதும் சுழியம். பழைய பாக்கியை எழுதுவதற்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது.

பழைய பாக்கிக்கான பத்தியை வரைந்தது, கூடுதல் தலைமைச் செயலர் கே. ஜெயகுமார் தலைமையிலான உயர்நிலைக் குழு. 2010 மார்ச்சில் அளித்த அறிக்கையில் வேளாண் இழப்பு 84.16 கோடி, நீராதாரங்கள் மாசடைந்தமைக்கு 62.10 கோடி, உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி, மக்களுக்குக் குடிநீர் வழங்கிய செலவு 20 கோடி, கூலியிழப்பும் வாய்ப்பிழப்பும் 20 கோடி என்று வகுத்துக் கூட்டியது. துல்லியக் கணக்கென்று குழு உரிமை கொண்டாடவில்லை. தனித்தனி இழப்பை விசாரித்துத் தீர்மானிக்க ஒரு தீர்ப்பாயம் வேண்டும் என்றது. 2011 பிப்ரவரி 24 அன்று கேரள சட்டப்பேரவை அதற்கான மசோதாவை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக டெல்லி சென்றது. மாநிலத்துக்கு இத்தகைய சட்டமியற்ற அதிகாரம் இல்லை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே இதற்கு உரிய இடம் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. மத்திய அரசின் ஐயங்களும் அதே திசையில் அமைந்தன. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி இழப்பீட்டுக் கோரிக்கையைக் காரணம் எழுந்த ஐந்தாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆலை நின்றது 2004. தீர்ப்பாயச் சட்டமே 2010இல்தான் வந்தது. ஆண்டுகள் கழிந்து, ஒப்புதல் இன்றியே மசோதா திரும்பியது என்பது 2016 தொடக்கத்தில் தெரியவந்தது.

இந்த மசோதா டெல்லியில் காத்திருந்த காலத்தில்தான், 2013இன் கம்பெனிகள் சட்டத்துடைய 135ஆம் பிரிவின் வழியே, சமூகப் பொறுப்பைச் சட்டக் கடமையாக்கிய முன்னோடி நாடு என்ற பெயரை இந்தியா பெற்றது. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பணிக்கு, எந்த ஊருக்கு என்பதை நிறுவனத்தின் இயக்குநர் குழுவே முடிவுசெய்யும். பயனாளிக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை இதில் இல்லை. 2021 ஜனவரித் திருத்தம் ஒன்றையும் சேர்த்தது: வேறு சட்டங்களின்படி நிறைவேற்றியாக வேண்டிய கடமைகளுக்காகச் செய்யும் செலவு, சமூகப் பொறுப்புச் செலவாகாது. நோக்கம் நியாயமானதே. கழிவைச் சுத்திகரிக்கும் செலவைத் தருமக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். சட்டம் கடன் என்று ஒப்புக்கொண்டதைக் கொடையாக்க முடியாது. சட்டம் ஒப்புக்கொள்ளத் தவறிய கடன் மட்டும் தடையின்றிக் கொடையாகலாம். பிளாச்சிமடா இரண்டாவது வகையில் சேர்ந்தது.

அகளியின் வரலாற்றிலும் இதே மாற்றத்தைக் காணலாம். அங்கே பொருள் நீரன்று, நிலம். அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகள் சேர்ந்த அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கின்றனர். 1951இல் மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்கினராக இருந்தவர்கள் குடியேற்றங்களுக்குப் பின் பாதிக்கும் கீழே வந்தனர். பறிபோன நிலத்தை மீட்டுத்தரக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியது. இருபதாண்டுக்கு மேலாக அதைச் செயல்படுத்தாமல் வைத்திருந்தது. 1999இல் கொண்டுவந்த புதிய சட்டம், இரண்டு ஹெக்டேர் வரையிலான நிலத்தை வைத்திருப்பவரிடமே விட்டுவிட்டு ஆதிவாசிக்கு வேறிடத்தில் மாற்று நிலம் தரலாம் என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்றது. எடுத்தவர் திருப்பித் தர வேண்டிய கடன், அரசு வேறெங்கோ வழங்கும் உதவியாக உருமாறியது.

2010இல் நல்லசிங்கை ஊர்ப்பகுதியில் நிறுவப்பட்ட சுஸ்லான் காற்றாலைகள் குறித்த சர்ச்சை எழுந்தது. காற்றாலை நிலத்தில் 85 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு ஆதிவாசிகளுக்கு உரியது என்று ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சித் திட்ட அலுவலகத்தின் ஆய்வு கண்டது. பிளாச்சிமடாவில் பழிக்கப்பட்டது குளிர்பானம். இங்கே நின்றதோ புகையற்ற பசுமை மின்சாரம், நிலைத்த வளர்ச்சி அறிக்கைகளின் அட்டைப்படம். காற்றாலை சுழல்வதால் காற்று மாசுபடுவதில்லை என்பது உண்மை. அது யாருடைய நிலத்தில் ஊன்றப்பட்டது என்பதற்கு அந்த உண்மை விடையாகாது. அடுத்து வந்த அரசின் காலத்தில், நிலத்தை மீட்பதற்கு மாற்றாக மின் வருவாயில் ஒரு பங்கை ஆதிவாசிகளுக்கு அளிக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டுப் பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. நில உரிமையாளர் பயனாளியாக மாறும் தருணம் இதைவிடத் துலக்கமாக அரசு யோசனை ஒன்றில் வெளிப்பட்டது அரிது.

அஹாட்ஸின் கதை வேறு வகையானது. பவானிக் கரையின் மொட்டைச் சரிவுகளில் மீண்டும் பசுமை படர்ந்ததில் அதன் பங்கை மறுக்க முடியாது. ஊர்வாரியாகக் குழுக்கள் அமைத்து ஆதிவாசிகளையே வேலையில் அமர்த்தியது. ஆயினும் அது காலவரையறை கொண்ட திட்டம். நிதி முடிந்ததும் பணிகளும் கூலியும் நின்றன. 2013இல் அட்டப்பாடியின் குழந்தை மரணங்கள் நாடறிந்த செய்தியானபோது, காடு மீண்ட நிலத்தில் தாய்மார்களின் குருதியில் இரும்புச்சத்து இல்லை என்ற நிலை வெளிப்பட்டது. தொண்டு அமைப்புகளும் நிறுவனங்களின் பொறுப்பு நிதிகளும் மலையேறின. நிலம் திரும்பியிருந்தால் தினையும் கேழ்வரகும் துவரையும் விளைந்திருக்கும் என்று அங்குள்ள முதியோர் கூறுவதை எந்தத் திட்ட அறிக்கையும் செலவுத் தலைப்பாக எழுதவில்லை.

பிளாச்சிமடாவில் 2017 ஜூலையில் ஒரு கட்டம் முடிந்தது. ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதைப் பதிவுசெய்து மேல்முறையீடுகள் முடித்துவைக்கப்பட்டன. இதனால் நிலத்தடி நீர் யாருடையது என்ற கேள்விக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் இவ்வழக்கில் விடை சொல்லவில்லை. 2003இன் அளவுகோலும் 2005இன் அளவுகோலும் முரண்பட்டபடியே நிற்கின்றன. 2021 ஜூனில், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், மூடிக்கிடந்த ஆலைக் கட்டடம் 550 படுக்கைகள் கொண்ட கோவிட் சிகிச்சை மையமாயிற்று. நிறுவனமும் அதில் ஒத்துழைத்தது. நோயுற்றவருக்கு அது பயன்பட்டது. அதைக் குறைகூற இடமில்லை. 2023இல் ஏறத்தாழ 35 ஏக்கர் நிலத்தையும் கட்டடங்களையும் மாநில அரசிடம் ஒப்படைக்க நிறுவனம் முன்வந்தது. அங்கு மாதிரி வேளாண் பண்ணை அமைக்கும் திட்டம் பேசப்பட்டது. நிலத்தைப் பெறுவதில் அரசு மகிழ்ந்தது. போராட்டக் குழுவினர் வேறு கேள்வி கேட்டார்கள். இந்நிலம் அந்த 216.26 கோடியில் வரவு வைக்கப்படுமா, அல்லது அதற்குப் பதிலாக வைக்கப்படுமா? இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயம் அமையாத நிலையில், வரவு எழுதுவதற்கான பேரேடு கேரளத்தில் யாரிடமும் இல்லை.